சாட்சி இல்லாத செய்தி

பழைமையைக் காக்கப் புறப்பட்டவர்கள் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்வோர் இன்று உலகின் எந்த மூலையிலும் உள்ளனர். அமெரிக்காவில் இருக்கிறார்கள், டில்லியின் தொலைக்காட்சி நிலையங்களில் இருக்கிறார்கள், நம்முடைய மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். குடும்பம் சிதைகிறது, பண்பாடு கெடுகிறது, முன்னோர் வகுத்த நெறி மறைகிறது என்பது அவர்களுடைய முறையீடு. இந்த முறையீட்டில் பொய்யில்லை. மூத்தோர் பேசும்போது இளையோர் எழுந்து போய்விடுவதையும், கடன் வாங்கி மூன்று நாள் கொண்டாடும் திருமண ஆடம்பரத்தையும், மஃரிபுக்குப் பின் ஓதும் குரல் கேட்ட வீடுகளில் இன்று நிலவும் அமைதியையும் கண்டு வருந்தாத முஸ்லிம் குடும்பம் எது? ஆகவே பழைமையின் பகைவராக நின்று நாம் இதனை எழுத முன்வரவில்லை. அதன் பக்கம் நின்றே எழுதுகிறோம். நாம் கேட்பது ஒன்றுதான்: காக்கிறோம் என்று சொல்லி வந்தவர்கள் எதனைக் காத்தார்கள்?

மேலைநாட்டுப் பழைமைவாதத்தின் தந்தை என்று எட்மண்ட் பர்க்கைக் கூறுவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-ல் அவர் எழுதிய நூலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1785 பிப்ரவரி 28-ஆம் நாள், அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நம்முடைய ஆற்காட்டைப் பற்றிப் பேசினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரில் ஏறியிருந்த கடன்களைப் பற்றியது அந்த உரை. பால் பென்ஃபீல்ட் முதலான கம்பெனி ஊழியர்கள் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கர்நாடகத்தின் நில வருவாயையே உறிஞ்சிக்கொண்டிருந்தனர். அந்தக் கடன்களைக் கணக்குக் கேளாமலே ஒப்புக்கொள்ள அரசாங்கம் துணிந்தபோது, கணக்கைக் காட்டு என்று எழுந்து நின்றவர் பர்க். இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர் அவர். ஆயினும் ஆவணங்களை வரவழைத்துப் படித்து, நம் நாட்டின் ஏரிகளைப் பற்றிக்கூட விரித்துரைத்தார். பின்வரும் தலைமுறைகளைத் தம் மக்களாக எண்ணிய அரசர்கள் வெட்டி வைத்தவை அவை என்றும், கடன்காரர்களின் பேராசையால் அவை பாழாகின்றன என்றும் எடுத்துக் காட்டினார். வாக்கெடுப்பில் தோற்றார். பின்னர் வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது அவர் ஏழாண்டுகள் நடத்திய வழக்கும் 1795-ல் விடுதலையிலேயே முடிந்தது. எனினும் பழைமையைக் காப்பவன் செய்யவேண்டிய வேலை எது என்பதை அவர் காட்டிவிட்டுப் போனார். பிறருடைய ஏரிக்கும் அவர் கணக்குக் கேட்டார். கேட்பதற்கு முன் கணக்கைப் படித்தார்.

இந்த வழியில் வந்தவர்கள் என்று உரிமை கொண்டாடும் அமெரிக்கரின் கதைக்கு வருவோம். 1955-ல் ‘நேஷனல் ரிவ்யூ’ ஏட்டைத் தொடங்கிய வில்லியம் பக்லி, 1966 முதல் 1999 வரை தொலைக்காட்சியில் ஒரு விவாத நிகழ்ச்சியை நடத்தினார். தம் கொள்கைக்கு எதிரிடையானவர்களையும் அழைத்து உட்கார வைத்து, நேருக்கு நேர் வாதிடுவது அவர் வழக்கம். அவரை நாம் தூயவராக்க முற்படவில்லை. 1957-ல் அவருடைய ஏடு, தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை அடக்கி வைப்பதற்கு வெள்ளையருக்கு உரிமை உண்டு என்று வாதிட்ட ஏடு. அந்த அநீதியைப் பண்பான ஆங்கிலம் மூடி மறைத்துவிடாது. 1965-ல் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவருக்கு எதிரே நின்று பேசியபோது, 544 வாக்குகள் பால்ட்வினுக்கும் 164 வாக்குகள் பக்லிக்கும் விழுந்தன. தவறான கட்சியை எடுத்துப் பேசியவர், எதிராளியின் முன்னிலையில், எண்ணிக்கை தெரியத் தோற்றார். வாதம் என்பதற்கு அன்று ஒரு மரியாதை இருந்தது. தோல்வி என்பதற்கும் ஒரு வடிவம் இருந்தது.

பிறகு என்ன நேர்ந்தது? அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சி உரிமம் பெற்றவர்கள் பொதுப் பிரச்சினைகளைப் பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்றொரு விதி 1949 முதல் இருந்து வந்தது. 1987-ல் அதனை எடுத்துவிட்டனர். அதற்குச் சட்ட வடிவம் கொடுக்க நாடாளுமன்றம் இயற்றிய மசோதாவையும் அதிபர் ரீகன் தடுத்துவிட்டார். மறு ஆண்டே ரஷ் லிம்பா என்பவரின் குரல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. நாள்தோறும் மூன்று மணி நேரம். எதிரே பதில் சொல்ல ஆளில்லை. 1996 அக்டோபரில் ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் செய்தி நிலையம் வந்தது. குடும்பம், தேசம், மதம் ஆகியவற்றின் காவலாளி என்று மக்கள் அதனை நம்பினர். அந்தக் காவலாளியின் யோக்கியதை 2023-ல் சந்திக்கு வந்தது. 2020 தேர்தலில் வாக்குப் பொறிகள் மோசடி செய்தன என்று ஒளிபரப்பியதற்காக, அந்தப் பொறிகளைச் செய்த டொமினியன் நிறுவனம் மானநஷ்ட வழக்குத் தொடுத்திருந்தது. வழக்கில் வெளியான கடிதப் போக்குவரத்தைப் படித்தவர்கள் திகைத்தனர். திரையில் அந்தக் கதைக்கு இடமளித்த புகழ்பெற்ற பேச்சாளர்களே, தம்முள் பேசிக்கொண்டபோது அதனை எள்ளி நகையாடியிருந்தனர்! பின் ஏன் ஒளிபரப்பினர்? உண்மையைச் சொன்னால் நேயர்கள் கோபித்துக்கொண்டு வேறு அலைவரிசைக்குப் போய்விடுவர் என்ற அச்சம். 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டனர்.

இதிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி பொய் சொன்னார்கள் என்பதன்று. பொய் சொல்வோர் எக்காலத்தும் உண்டு. தலைவனாக வந்தவன் நேயரின் கோபத்துக்கு அடிமையாகிவிட்டான் என்பதே கவனிக்கத்தக்கது. மக்களுக்கு நெறி காட்டுவதாகச் சொன்னவன், மக்கள் எதைக் கேட்க விரும்புகிறார்களோ அதனை விற்கும் கடைக்காரனாகிவிட்டான். பழைமைவாதியின் முதல் பாடமே, கூட்டத்தின் வெறியைத் தடுத்து நிறுத்த மரபு வேண்டும் என்பதல்லவா? அந்த வெறியையே முதலாக வைத்து வாணிபம் செய்பவனைப் பழைமைவாதி என்பது, வட்டிக்கடைக்காரனைப் பைத்துல்மாலின் காவலன் என்பது போலாகும்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அந்த வித்தையை டில்லிக்காரர்கள் எழுத்துக்கு எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். அதன் சூட்டை நாம் பட்டோம்.

2020 மார்ச்சு இறுதியை மறக்க முடியுமா? நாடு முழுதும் திடீரென ஊரடங்கு. நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்த தப்லீக் ஜமாஅத்தினரிடையே நோய்த்தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளியாகப் பார்க்கப்பட வேண்டியவன் ஒரே இரவில் குற்றவாளியானான். இந்துப் பண்பாட்டின் காவலர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அலைவரிசைகள், நோயையே ஒரு ஜிஹாத் என்று பெயரிட்டு இரவு பகலாக முழங்கின. காய்கறி வண்டி தள்ளிய ஏழையிடம் பெயர் கேட்டு விரட்டியடித்த கொடுமை வடநாட்டுத் தெருக்களில் நடந்தது. நம் தமிழகத்தில் சுகாதாரத் துறை அந்த ஏப்ரலிலேயே டில்லி மாநாடு என்று குறிப்பிடுவதை விட்டு, ‘ஒரே மூலத்திலிருந்து வந்த தொற்று’ என்று குறிப்பிடத் தொடங்கியது. சிறு மாற்றந்தான், ஆயினும் ஒரு சொல்லைத் திருத்துவதால் எத்தனை தெருக்களில் அமைதி நிலைக்கும் என்பதை அறிந்த அதிகாரிகள் இங்கே இருந்தனர்.

அந்த முழக்கத்தின் முடிவைக் கேளுங்கள். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதிருந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. பேரிடர்க் காலத்தில் பலிகடா தேடப்பட்டிருக்கிறது என்று கருதிய நீதிபதிகள், ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் டில்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. வந்த விருந்தினரைப் பள்ளிகளிலும் வீடுகளிலும் தங்க வைத்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் 70 பேர் மீதிருந்த 16 வழக்குகளை டில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது 2025 ஜூலை வந்துவிட்டது. ஐந்தாண்டுகள்! குற்றச்சாட்டை இரவு ஒன்பது மணிக்கு முழங்கியவர்கள், விடுதலையையும் அதே ஒன்பது மணிக்கு அதே குரலில் முழங்கினார்களா? விருந்தினரை உபசரிப்பது இந்நாட்டின் தொன்மையான பண்பாடு என்று மேடைதோறும் சொல்வோர், விருந்தளித்ததற்காக வழக்கைச் சுமந்த எழுபது பேரைப் பற்றி ஒரு சொல் வருந்தினார்களா?

இதுவரை எழுதியதை வாசகர்கள் தலையசைத்துப் படித்திருப்பீர்கள். பிறரைச் சாடும் எழுத்துக்குத் தலையசைப்பது எளிது. இனிச் சொல்லப்போவதற்கு எத்தனை தலைகள் அசையும் என்பதை நாம் அறியோம்.

நம் வீடுகளுக்கு வருவோம். வாப்பாவின் கையில் ஒரு கைபேசி, உம்மாவின் கையில் ஒன்று, பிள்ளைகளின் கையில் ஒன்று. பஜ்ருத் தொழுகைக்குப் பின் யாஸீன் ஓதிய நாவு, இன்று வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நாலு பேருக்குக் கேட்க வைக்கிறது. இன்னாரை வாங்கிவிட்டார்கள், இன்ன ஊரில் பள்ளியை இடித்துவிட்டார்கள், இன்ன மருந்தில் ஹராம் கலந்திருக்கிறது. அனுப்பியவர் யார்? தெரியாது. அவருக்குச் சொன்னவர் யார்? தெரியாது. எந்த ஊர், எந்த நாள்? அதுவும் தெரியாது. ‘வந்தது, அனுப்பினேன்’ என்பதே விடை. மார்க்க நலம் கருதி அனுப்பியதாக வேறு சொல்கிறோம்.

இப்படி வந்ததை அனுப்புவதால் உயிர் போகும் என்பதைத் தமிழகம் கண்ணாரக் கண்டிருக்கிறது. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்த 65 வயது மூதாட்டி, தெருவில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாகக் கைபேசிகளில் உலவிய வதந்தி அவ்வூர் மக்களின் தலையில் ஏறியிருந்தது. அந்தத் தாயை அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் மராட்டியத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே வதந்திக்கு இரையாயினர். அதன் பிறகே ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே வேளையில் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. 2020-ல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. நம் நாவுக்கு இறைமறை இட்ட கட்டுப்பாட்டை நாம் கைவிட்டதால், நம் விரலுக்கு ஓர் அமெரிக்க வணிக நிறுவனம் கட்டுப்பாடு இட வேண்டியதாயிற்று. இதற்கு மேல் ஒரு சமுதாயத்துக்கு என்ன தலைகுனிவு வேண்டும்?

செய்தி கொண்டு வருபவன் நம்பத்தகாதவனாயின் தீர விசாரியுங்கள் என்னும் கட்டளை ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதைப் பொய்யின் வகையிலேயே சேர்த்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு கிளம்பியபோது, அதனைக் கிளப்பியவர்கள் நயவஞ்சகர்கள். ஆனால் வாய் மாற்றிப் பரப்பியவர்களுள் நல்ல முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதே அந்த வரலாற்றின் வேதனை மிகுந்த பகுதி. அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் ஆதரவில் வாழ்ந்த உறவினர் மிஸ்தஹும் அவர்களுள் ஒருவர். ஏறத்தாழ ஒரு மாத காலம் அந்தக் குடும்பம் நெருப்பில் நின்றது. பின்னர் இறங்கிய நூர் அத்தியாயத்தின் வசனங்கள், இட்டுக்கட்டியவர்களை மட்டும் கண்டிக்கவில்லை. கேள்விப்பட்டவுடனே இது பொய் என்று சொல்லாமல் நாவிலிருந்து நாவுக்கு மாற்றியவர்களையும் கண்டித்தன. இந்த வசனங்களைத் தராவீஹில் ஆண்டுதோறும் கேட்கிறோம். கேட்டுவிட்டுப் பள்ளியின் வாசலிலேயே கைபேசியைத் திறக்கிறோம்.

நாம் காக்க வேண்டிய பழைமை எது என்று கேட்டால், இதுதான் அது என்போம். தலைப்பாகையும் தொப்பியும் பின்னர் வரட்டும். ஒரு ஹதீஸைக் கேட்பதற்கு முன், உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் எப்படி, நடத்தை எப்படி என்று கேட்ட இமாம்களின் வழி வந்தவர்கள் நாம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், சொல் எத்தனை இனிமையாக இருப்பினும் அதனைப் பலவீனம் என்று எழுதி வைத்தார்கள். மக்கள் வருந்துவார்களே என்று பார்க்கவில்லை. ஃபாக்ஸ் நிலையத்தாருக்கு இல்லாமற்போன துணிச்சல் அது.

அந்தப் பயிற்சி நம்மை விட்டு முற்றிலும் போய்விடவுமில்லை. பிறை விஷயத்தைப் பாருங்கள். இருபத்தொன்பதாம் இரவில் ஒருவர் வந்து பிறை கண்டேன் என்றால் விடுகிறோமா? எங்கே நின்று பார்த்தாய், எந்தத் திசை, வானம் தெளிவா, மேகமா, கூட இருந்தவர் யார் என்று அடுக்கடுக்காய்க் கேட்கிறோம். நேரில் வந்து சொல்லச் சொல்கிறோம். பிறகே காஜியின் அறிவிப்பு வருகிறது. நிக்காஹ் நடத்த வலி வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், தஃப்தரில் கையொப்பம் வேண்டும் என்று உறுதியாக நிற்கும் ஜமாஅத் நிர்வாகி, அன்றிரவே முகவரியில்லாத குரல்பதிவை முந்நூறு பேருள்ள குழுவில் போடுகிறார். ஒரு நோன்புக்குக் கேட்கும் சாட்சியை ஒரு மனிதனின் மானத்துக்கு நாம் கேட்பதில்லை.

நம் மார்க்க மேடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கருத்து வேற்றுமை நமக்குப் புதிதன்று. 1882-ல் இலங்கையில் ‘முஸ்லிம் நேசன்’ ஏட்டைத் தொடங்கிய அறிஞர் சித்திலெவ்வை, ஆங்கிலக் கல்வி குறித்துத் தம் சமுதாயத்தோடு வாதிட்டார். ‘தாருல் இஸ்லாம்’ ஏட்டில் தாவூத் ஷா ஆலிம்களோடு மல்லுக்கு நின்றார். அவர் எழுத்து காரமானது. பதிலும் காரமாகவே வந்தது. ஆனால் அவை பெயரோடு வந்தன, தேதியோடு வந்தன. பக்கத்தைப் புரட்டி, இதை இவர் இப்படித்தான் எழுதினார் என்று மறுக்க முடிந்தது. இன்றோ ஓர் ஆலிமின் ஒன்றரை மணி நேரப் பயானிலிருந்து அரை நிமிடத்தை வெட்டி, மேலே ஏளனச் சிரிப்பை ஒட்டி, ‘அம்பலமானார்’ என்று தலைப்பிட்டு ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர் தம்மை ஸுன்னத்தின் காவலர் என்கிறார்; எதிர்த்தரப்பில் அனுப்புகிறவர் தவ்ஹீதின் காவலர் என்கிறார். இரு காவலர்களும் டில்லி அலைவரிசையிடம் பாடம் கற்றவர்களே. பெயர் மட்டும் அரபியில் இருக்கிறது.

‘அவர்கள் ஏசுகிறார்கள், நாம் வாய்மூடி இருப்பதா?’ என்று சில இளைஞர்கள் கொதிப்பதை அறிவோம். வாய்மூடச் சொல்லவில்லை. ஏச்சுக்கு ஏச்சு என்பது விடையாகாது என்கிறோம். தப்லீக் விவகாரத்தில் ஜம்இய்யத்துல் உலமா ஊடகங்களின் வெறுப்புப் பிரசாரத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று, அதுவே விடை. இன்னொன்றும் சொல்வோம். செய்தி அலைவரிசைகள் தாமே அமைத்துக்கொண்ட ஒழுங்கு ஆணையம் ஒன்று இருக்கிறது. பல் குறைந்த ஆணையந்தான். அதில் உறுப்பாக இல்லாத அலைவரிசைகளை அது தொடவும் இயலாது. ஆயினும் 2024 பிப்ரவரி இறுதியில், ‘லவ் ஜிஹாத்’ என்ற பெயரில் முஸ்லிம்களை இழித்துரைத்த நிகழ்ச்சிகளுக்காக ஓர் அலைவரிசைக்கு ஒரு லட்ச ரூபாயும் மற்றொன்றுக்கு ஐம்பதாயிரமும் அபராதம் விதித்து, நிகழ்ச்சிகளை நீக்கவும் உத்தரவிட்டது. முறையிட்டவர் யார்? பெரிய கட்சியா, பேரியக்கமா? தனியொரு சமூக ஆர்வலர். நம் சமுதாயத்தவரும் அல்லர். எந்த அலைவரிசை, எந்த நாள், எந்த வேளை, பேசியவர் யார், பேசிய சொல் எது என்று குறித்துக்கொண்டு எழுதினார். இஸ்னாதோடு எழுதினார் என்று நாம் சொல்வோம்.

அந்த ஆணையத்தின் விதிப்படி, ஒளிபரப்பான ஏழு நாள்களுக்குள் முதலில் அந்த அலைவரிசைக்கே முறையீட்டை அனுப்ப வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், அல்லது நிறைவளிக்காவிட்டால், ஆணையத்துக்குப் போகலாம். ஏழு நாள் என்பது குறுகிய தவணை. கோபத்தைக் குழுவில் கொட்டிவிட்டு உறங்குகிறவருக்கு அது கழிந்துபோவதே தெரியாது. சட்டம் படித்த பிள்ளைகள் இன்று நம் மஹல்லாக்களில் இல்லாமல் இல்லை; மகளிரும் படித்திருக்கின்றனர். ஒவ்வொரு ஜமாஅத்தும் அவர்களுள் ஒருவரை இந்த வேலைக்கென அமர்த்தி, தஃப்தர் வைத்திருக்கும் அலமாரியிலேயே இதற்கும் ஒரு பதிவேடு வைக்கட்டும். நாள், வேளை, அலைவரிசை, சொல், பார்த்தவர் இருவரின் கையொப்பம் ஆகியவை அதில் ஏறட்டும். நம் குழுக்களில் வரும் சாட்சியில்லாச் செய்திகளுக்கும் அதே ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அனுப்பியவரை அழைத்து, உமக்குச் சொன்னவர் யார் என்று நிர்வாகிகள் கேட்கட்டும். வரும் ரமலானுக்குள் இதனைத் தொடங்கும் ஜமாஅத்துகள் நமக்கு எழுதியனுப்பினால், பெயரோடும் ஊரோடும் வெளியிடக் காத்திருக்கிறோம்.